கதை சொல்ற அம்மாவே முழுசா சொல்லலன்னா: கூட்டமா படிச்சுப் பேசுறது எப்படி

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க வாயனசாலைல, அதான் நூலகத்துல, மாசம் ஒரு புக் வச்சு பேசுவோம், தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும், பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க. ஜூன் 19, கேரளால நூலக இயக்கத்தை வளத்த பி.என்.பணிக்கர் நினைவா கொண்டாடுற வாயனா தினம் (வாசிப்பு தினம்), அன்னிக்கு இங்கிலீஷ்ல எழுதுற கசுவோ இஷிகுரோவோட முதல் நாவல் எடுத்தோம், 1982ல வந்த 'எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்'. நல்லா சொதப்புனோம். அதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன். முடிவும் இதுல வந்துடும், படிக்கிற ஐடியா இருந்தா படிச்சுட்டு வாங்க.

கதை இதுதான். எட்சுகோன்னு ஒரு ஜப்பான்காரம்மா இங்கிலாந்துல தனியா இருக்காங்க. மூத்த பொண்ணு கீகோ தற்கொலை பண்ணிக்கிச்சு, சின்னவ நிக்கி அம்மாவைப் பாக்க வந்திருக்கா. ஆனா இந்தம்மா கீகோவைப் பத்தி வாயே திறக்காம, போருக்கப்புறம் நாகசாகில ஒரு வெயில் காலத்துல பழகுன சச்சிகோங்கிறவளையும் அவ மக மரிகோவையும் பத்தியே சொல்லிட்டு இருக்காங்க. சச்சிகோ ஒரு அமெரிக்காக்காரனை நம்பி கிளம்பத் துடிக்கிறா, அந்தப் புள்ளைக்கு போகவே இஷ்டமில்ல. போகப் போக இது யாரு கதைன்னே சந்தேகம் வந்துடும்.

முதல் தப்பு வாட்ஸ்அப் போஸ்டர்லயே ஆரம்பிச்சுது. 'நம்ப முடியாத கதைசொல்லி'ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டோம். கதை சொல்றவங்க சொல்றதை அப்படியே நம்ப முடியாத மாதிரி எழுதுறதுக்கு 1961ல வெய்ன் பூத்னு ஒரு விமர்சகர் வச்ச பேருக்கு தமிழ் அது, பேரு என்னவோ நல்ல பேருதான், ஆனா அதைப் பாத்துட்டு வந்தவங்க எல்லாம் முதல் பக்கத்துல இருந்தே ஏட்டய்யா மாதிரி பொய் பிடிக்க உக்காந்துட்டாங்க, ஒருத்தர் அந்தம்மா டீ குடிச்சதையே நம்பல. அதனால போஸ்டர்ல புக் பேரு, தேதி, டைம் போதும். தற்கொலை வர்ற கதைங்கிறதை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. வர்றவங்க வீட்ல என்ன நடந்திருக்குன்னு நமக்குத் தெரியாது.

படிக்கும்போது கைல ஒரு பென்சில் வச்சுக்கச் சொல்லுங்க. எங்கயாவது 'ஏ, இது இடிக்குதே'ன்னு தோணுச்சுன்னா பக்கம் நம்பரை மட்டும் குறிச்சுக்கணும், ஏன்னு யோசிச்சு அங்கயே நிக்க வேண்டாம்.

அடுத்தது எங்க பெரிய கூத்து. பாதிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது, அதனால ரிட்டயரான ஒரு மாஷ், அதான் வாத்தியார், நோட்டுல குறிப்பெடுத்துட்டு வந்து தமிழ்ல கதையா சொன்னார். அருமையா சொல்வார். நாவலோட கடைசில எட்சுகோ, நாகசாகி துறைமுகத்தைப் பாக்க ஒரு நாள் மலைக்குப் போனதை நிக்கிகிட்ட சொல்லும்போது 'அன்னிக்கு கீகோ சந்தோஷமா இருந்தா, கேபிள் கார்ல போனோம்'ங்கிறாங்க. ஆனா முன்னாடி அதே பயணத்தைச் சொன்னப்ப கூட வந்த குழந்தை மரிகோ, கீகோ இன்னும் பொறக்கவே இல்ல, வயித்துல இருக்கா! நம்ம மாஷ் என்ன பண்ணிட்டார்னா, பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனச்சு 'மரிகோ சந்தோஷமா இருந்தா'ன்னு திருத்திச் சொல்லிட்டார். அம்பது வருஷமா பேப்பர் திருத்துன கை, சும்மா இருக்குமா. கதையோட சாவியே அந்த ஒரு பேருதான், அது போச்சு, கேட்டவங்களுக்கு ஏதோ ரெண்டு சிநேகிதிங்க கதை மாதிரி முடிஞ்சுது. அதனால யார் கதை சொன்னாலும் தப்பு மாதிரி தெரியுறதை அப்படியே தப்பாவே சொல்லச் சொல்லுங்க.

பாலத்துக்கிட்ட வர்ற சீனை மட்டும் சத்தமா படிங்க, தமிழ்ல சொல்லிப் படிங்க. எட்சுகோ ராத்திரி விளக்கோட அந்தக் குழந்தையைத் தேடிப் போய், அங்க பிடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்னு சமாதானம் சொல்றாங்க. இங்கிலீஷ்ல அது 'வீ' (we), சட்டுன்னு கண்ணுல படாது. தமிழ்ல 'நாங்க' போட்டா அர்த்தமே வராது, 'நாம வந்துடலாம்'னுதான் சொல்லியாகணும். மலையாளத்துலயும் ஞங்ஙள், நம்மள்னு ரெண்டு இருக்கு, அங்கயும் இதே கதிதான். ஊரை விட்டுப் போறது சச்சிகோவும் மகளும், இந்தம்மா எதுக்கு 'நாம'ங்கிறாங்க? இதைக் கேட்டதும் ரூம்ல ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, வெளிய பழம்பொரி போடுற சத்தம் மட்டும்தான்.

பேச்சை ஆரம்பிக்கும்போது 'யாருக்குப் பிடிச்சுது'ன்னு கேக்காதீங்க, 'எந்தப் பக்கத்துல சந்தேகம் வந்துச்சு'ன்னு கேளுங்க. ஆளுக்கு ஒரு நம்பர் வரும், அதுலயே ஒரு மணி நேரம் ஓடும். கோவப்படுறவங்க கண்டிப்பா இருப்பாங்க. எங்க கூட்டத்துல ஒரு தென்னந்தோப்பு அண்ணன், 'காசு குடுத்து வாங்குனேனுங்க, கடைசில என்ன நடந்துச்சுன்னே சொல்லல, ஏமாத்து வேலை'ன்னார். சண்டைக்குப் போகாதீங்க, அவர் சொன்னதும் நியாயந்தான். 1954ல வந்த 'அந்த நாள்' படத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாலும் கடைசில கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுடும், இதுல ஒரே வாய், அதுவும் பாதியோட நிறுத்திடுது.

அப்ப மூலைல இருந்த ஒரு அக்கா, அதுவரைக்கும் பேசாதவங்க, சொன்னாங்க: 'பொய் ஒண்ணும் சொல்லலீங்க அண்ணா. ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு இப்படி இருக்குதுன்னு கேப்போமில்ல, அதுதான் இது.' அண்ணன் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிஞ்சுட்டு புக்கை மறுபடி பிரிச்சார்.

ஆனா 'சச்சிகோவே எட்சுகோதான்'னு தீர்ப்பு எழுதி முடிச்சுடாதீங்க. சச்சிகோ நெசமாவே இருந்தவதான், கீகோவை ஊரை விட்டுக் கூட்டிட்டு வந்த குற்ற உணர்ச்சியை இந்தம்மா அவ மேல ஏத்திட்டாங்கன்னும் படிக்க முடியும், எனக்கு இதுதான் சரின்னு படுது. கைதூக்கி ஓட்டு எடுக்குறது எல்லாம் வேஸ்ட். 2025ல படமாவும் வந்திருக்கு, அதைப் பேச்சு முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்.

ரெண்டு வாரம் விட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரு தடவை சேந்து படிங்க, அரை மணி நேரம் போதும். நாங்க படிச்சப்ப மாஷ் தன் நோட்டுல 'மரிகோ'வை அடிச்சுட்டு 'கீகோ'ன்னு எழுதி, சிவப்பு மையில வட்டம் போட்டுட்டு இருந்தார்.