கடைச் சோதனைக்கு முன்: அபாயப் பட்டியலை நீங்களே எழுதுங்கள்

சோதனைக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரே அலுவலகத்தார் அல்லர். மலேசியாவின் பினாங்குத் தீவில் வணிக உரிமம், துப்புரவு, ஐந்தடி நடைபாதையை மறிக்கும் சரக்கு ஆகியவற்றைப் பார்ப்பது மாநகர் மன்றம். ஊழியர் பாதுகாப்பைப் பார்ப்பது கூட்டரசின் ஜேகேகேபி, அதாவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்துவிட்டது.

முதலில், உரிமத்தைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். நடைபாதையில் உள்ள பெட்டிகளை உள்ளே எடுங்கள்.

அடுத்து, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமித்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நான் கல்லாவில் அமரும் அக்காவை அனுப்பினேன். எந்தப் பையன் எதன்மேல் ஏறுகிறான் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, அபாய மதிப்பீடு. அபாயங்களைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, கட்டுப்படுத்தும் முறை இது; 'ஹைராக்' என்பார்கள். நான் தவறியது இங்கேதான். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்தில் கடைப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தேன். அதில் வெல்டிங் தீப்பொறி இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. என் கடையோ லெபோ பசாரில் ஒரு துணிக்கடை. வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாடிப்படியில் ஏறினார்.

பழைய கடைவீடு, செங்குத்தான மரப்படி. ஏழாவது படியின் விளிம்பு தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. சேலைக் கட்டு ஒன்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு இறங்குபவருக்குத் தன் பாதம் தெரியாது. கைப்பிடியையும் பிடிக்க முடியாது. ஒரு பையன் அங்கே சறுக்கி முழங்காலில் அடிபட்டிருக்கிறான். அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஆகவே, ஊழியர்களோடு கடையைச் சுற்றி நடந்து எழுதுங்கள். செயலிகளைவிட நாற்பது பக்க நோட்டும் பென்சிலுமே எனக்கு உகந்தவை. ஏணியின் அருகில் நின்றபடியே அடித்துத் திருத்தலாம். ஒவ்வோர் அபாயத்துக்கும் இரண்டு எண்கள்: நேரும் வாய்ப்பு 1 முதல் 5, பாதிப்பின் கடுமை 1 முதல் 5. இரண்டையும் பெருக்குங்கள். 4 வரை குறைவு, 5 முதல் 12 வரை நடுத்தரம், 15ம் அதற்கு மேலும் உடனே கவனிக்க வேண்டியது. என் மாடிப்படிக்கு 4 பெருக்கல் 4, அதாவது 16.

கனத்த கட்டுகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். படிகளில் திருகாணி இட்டு இறுக்கும் அலுமினிய விளிம்பு அடித்தேன். ஒட்டுப் பட்டை நம் ஊர் ஈரத்துக்கு உரிந்துவிடும். வாய்ப்பு 2 ஆனது, மொத்தம் 8. கடுமை எண்ணைக் குறைக்கவில்லை. படியின் உயரம் அப்படியேதான் இருக்கிறது, விழுந்தால் அடியும் அதே அடிதான்.

சேர்க்கை: தீபாவளிக்கு எடுக்கும் தற்காலிக ஆட்களுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவர்கள் வரும் முதல் நாளே படியையும் ஏணியையும் காட்டிப் பட்டியலைப் படித்துச் சொல்லுங்கள். வேலையில் அடிபட்டு ஒருவரால் நான்கு நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், 7 நாட்களுக்குள் ஜேகேகேபிக்குப் படிவம் அனுப்ப வேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டு கைக்கு வந்த அன்றே அதன் நகலை நோட்டில் ஒட்டிவிடுங்கள்.