டெஸ்ட் சர்வர ராத்திரி தானா நிறுத்த வைங்க

டர்பன்ல சின்னதா சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துற நம்ம ஆளுங்களுக்குத்தான் இது, அமேசான் கிளவுட் சர்வீஸோட (AWS) கேப்டவுன் ரீஜியன்ல டெஸ்ட் சர்வர் வச்சிருந்தா யாரும் தொடாத ராத்திரியும் சனி ஞாயிறும் பில் ஓடிட்டேதான் இருக்கும், டாலர் கணக்க ரேண்ட்ல மாத்திப் பாத்தா வயிறு எரியும். AWSலயே குறிச்ச நேரத்துக்கு வேலைய தானா நடத்துற ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்ல திங்கள் டு வெள்ளி காலைல 7க்கு ஸ்டார்ட், சாயங்காலம் 7க்கு ஸ்டாப்னு ரெண்டு ஷெட்யூல் போட்டுடுங்க, கோடு எழுதவே வேணாம், வாரம் 168 மணி நேரம் ஓடினது 60 ஆயிடும். டைம்ஸோன்ல ஜோஹன்னஸ்பர்க்க செலக்ட் பண்ணுங்க, யுடிசில (உலகப் பொது நேரம்) விட்டீங்கன்னா எல்லாமே 2 மணி நேரம் லேட்டாத்தான் நடக்கும். சர்வர் நின்னிருந்தாலும் டிஸ்க்குக்கு காசு போயிட்டுதான் இருக்கும். இன்னொன்னு, டிசம்பர் லீவுக்கு ஆர்டிஎஸ் (AWSஓட டேட்டாபேஸ் சர்வீஸ்) டேட்டாபேஸ நிறுத்திட்டுப் போனா 7 நாள்ல அது தானா எந்திரிச்சிடும், அதுக்கும் ஒரு ஸ்டாப் ஷெட்யூல் போட்டு வைங்க.