பெரிய வலைத்தளத்தையும் மெயிலையும் புது சர்வருக்கு மாற்றுவது எப்படி

தளத்தையும் மெயிலையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தளத்தில் கோளாறு வந்தால் உடனே கண்ணில் படும். மெயில் பழைய பெட்டியில் விழுந்தால் யாருக்கும் தெரியாமலே கிடக்கும். அதனால் முதலில் தளம், அது நிலைத்த பிறகு மெயில்.

தொடக்கம் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் பெயரைச் சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவேட்டில். இப்போது டிடிஎல் (ஒரு பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற கெடு) 86400 என்று இருந்தால் அது 24 மணி நேரம். மாற்றத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போதே அதை 300 ஆக்குங்கள். அன்றைக்குக் குறைத்துப் பயனில்லை, பழைய பதிலை வைத்திருக்கும் ரிசால்வர்கள் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் இடைநிலைச் சர்வர்கள்) தங்கள் கெடு முடியும்வரை அதையேதான் சொல்லும். நேம்சர்வரை (டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வர்) தொடவே வேண்டாம்: டாட் காம் மட்டத்தில் அதன் டிடிஎல் 48 மணி நேரம், குறைக்க நமக்கு வழியில்லை. ஐபிவி6 முகவரிக்கான ரெக்கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபிவி4 முகவரியை மட்டும் மாற்றினால் மொபைல் இணைப்பில் வருபவர்களில் பலர் பழைய சர்வரிலேயே நிற்பார்கள்.

ஃபைல்களுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி, இரண்டு தடவை. முதல் ஓட்டம் தளம் நடந்துகொண்டிருக்கும்போதே, டிமக்ஸுக்குள் (சர்வரிலேயே திறந்திருக்கும் டெர்மினல்). இணைப்பு அறுந்தாலும் நிற்காது. இரண்டாவது, தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்தபின். மாறியவை மட்டும் வரும். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் உட்காரும்.

டேட்டாபேஸின் கடைசி டம்ப்பையும் (முழு நகல் ஃபைல்) அந்தப் பராமரிப்பு நேரத்தில்தான் எடுக்க வேண்டும். ஒத்திகைக்காக அதற்கு முன்பே எடுப்பதானால் மைஎஸ்கியூஎல் டம்ப்பில் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன் (தளத்தை நிறுத்தாமலே ஒரே கணத்து நிலையை எடுப்பது) போதும், ஆனால் அது இன்னோடிபி வகை டேபிள்களுக்குத்தான் செல்லும். தமிழ்த் தளமென்றால் ஏற்றியதும் ஒரு பழைய கட்டுரையைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் புரியாத ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம். டேட்டாபேஸ் இணைப்பின் கேரக்டர் செட் (எழுத்துக் குறியாக்கம்) லேட்டின்1 ஆக இருந்திருக்கும். கேள்விக்குறிகளாகவே பதிந்துவிட்டால் அந்தப் பிரதியில் தரவு போய்விட்டது, மறுபடி டம்ப் எடுப்பதுதான் வழி.

டிஎன்எஸ்ஸை மாற்றுமுன் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (டிஎன்எஸ்ஸுக்கு முன் கணினி பார்ப்பது) புது ஐபியை எழுதி, லாகின், தேடல், படம் ஏற்றுவது எல்லாவற்றையும் சோதியுங்கள். பிஎச்பியில் அப்லோடு வரம்பு இயல்பாக 2 எம்பிதான். பழைய சர்வரில் யாரோ கூட்டி வைத்திருப்பார்கள். எஸ்எஸ்எல் சான்றிதழைப் பழையதிலிருந்தே காப்பி செய்துகொண்டால் முதல் நாள் பிழை வராது. பழைய சர்வரின் க்ரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே நினைவூட்டல் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போகும்.

இனி மெயில். புது நிறுவனம் மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டைத் திறந்து விடுகிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது), புது செலக்டரில் (சாவிக்கு வைக்கும் பெயர்) டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), இரண்டு ஐபிகளும் இருக்கும் எஸ்பிஎஃப் (மெயில் அனுப்ப அனுமதியுள்ள ஐபிகளின் பட்டியல்), மூன்றும் மாற்றத்துக்கு முன்பே தயாராக வேண்டும்.

பெட்டிகளை ஐமேப்சிங்க் என்ற கருவி கொண்டு நகர்த்தலாம். ஆனால் பாப்3-இல் மெயில் எடுத்து, பிரதியைச் சர்வரிலும் விட்டு வைப்பவர்கள் இருந்தால் கவனம்: ஒவ்வொரு மடலின் அடையாள எண்ணும் மாறி, பழைய மெயில் முழுவதும் அவர்கள் கணினியில் மறுபடி இறங்கும். இரு பக்கமும் டவ்காட் (மெயில் சர்வர் மென்பொருள்), மெயில்டிர் அமைப்பு (ஒரு மடலுக்கு ஒரு ஃபைல்) என்றால், அந்த எண்களை வைத்திருக்கும் யுஐடி பட்டியல் ஃபைலோடு சேர்த்து ஆர்சிங்க் செய்வது இதைத் தவிர்க்கும்.

எம்எக்ஸை (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் ரெக்கார்டு) மாற்றியதும் பழைய சர்வரில் அந்த டொமைனை ‘ரிமோட்’ (மெயில் வேறு சர்வரில்) ஆக்குங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். டொமைன் அங்கே ‘லோக்கல்’ என்றே இருந்தால், அதே சர்வரில் இருக்கும் மற்ற தளங்கள் அனுப்பும் மெயில் எம்எக்ஸைப் பார்க்காமலே பழைய பெட்டிக்குள் போகும். வெளியிலிருந்து சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஒரு வாரமாவது பழைய கணக்கை வைத்திருங்கள். ரத்து செய்யுமுன் ஐமேப்சிங்கை இன்னொரு தடவை ஓட்டி, அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை காலியா என்று பார்த்துவிட்டு, எஸ்பிஎஃப்பிலிருந்து பழைய ஐபியை எடுத்துவிடுங்கள்.