ரேம் வாங்கப் போய் கோட்டை விடும் இடங்கள்

கேமிங் கம்ப்யூட்டருக்கு யாராவது பார்ட்ஸ் லிஸ்ட் நீட்டினால் முதலில் ரேம் வரியைத்தான் பார்ப்பேன். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள், நாங்களெல்லாம் அன்றைக்கு வழுக்கிய அதே இடத்தில்தான் இன்றும் வழுக்குகிறார்கள். டிடிஆர்4 (பழைய தலைமுறை ரேம்) போர்டுக்கு டிடிஆர்5 (புதிய தலைமுறை) வாங்கிவிடுவதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, மறுநாளே தெரிந்துவிடும். காசு போனதே தெரியாத தவறுகள் வேறு.

ஒற்றை ஸ்டிக்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணா, கேம் எல்லாம் திக்கித் திக்கி ஓடுது" என்று ஒரு கல்லூரிப் பையன் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிராபிக்ஸ் கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்டிருந்தான். அதில் தப்பில்லை. பக்கக் கண்ணாடியைக் கழற்றினால், கல்யாண மண்டப சீரியல் செட் போல மினுக்கிக்கொண்டு ஒரே ஒரு 16 ஜிபி ரேம் ஸ்டிக். பக்கத்து ஸ்லாட் காலி.

"இப்ப ஒண்ணு போடு, அப்புறம் இன்னொண்ணு போட்டு 32 ஆக்கிக்கலாம்னு கடையில சொன்னாங்கண்ணா."

5600ஜி-யில் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது. திரையில் காட்டுவதற்கும் அதே ரேமில்தான் கை வைக்க வேண்டும். 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று 64 பிட் பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில், இரண்டு ஸ்டிக் இருந்தால் 51.2. பாதி வேகத்தை விற்று விளக்கு வாங்கியிருக்கிறான். என்னிடம் கிடந்த மொட்டை 8 ஜிபி ஸ்டிக் இரண்டைப் போட்டு அதே கேமை ஓட்டிக் காட்டினேன். திக்கல் நின்றது. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த "அப்புறம்" என்பதும் சுலபமாக வராது. ஒரு வருஷம் கழித்துப் போனால் அதே மாடல் கிடைப்பது சந்தேகம். கிடைத்தாலும், ஸ்டிக்கர் ஒன்றாக இருந்து உள்ளே சிப் மாறியிருக்கலாம். ஜோடியாகச் சோதித்து விற்காத இரண்டு ஸ்டிக் முழு வேகத்தில் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 16 ஜிபி வேண்டுமென்றால் 8+8 கிட், 32 வேண்டுமென்றால் 16+16. வாங்கும்போதே ஜோடியாக.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அடி இவ்வளவு பலமாக விழாது. ஆனால் ப்ராசஸர் முக்கும் கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) அவ்வப்போது சட்டென்று சரியும்.

"டிடிஆர்5-ல ஒரு ஸ்டிக்கே ட்யூவல் சேனல்தான்" என்று ஒரு கதை வேறு சுற்றுகிறது. ஸ்டிக்குக்குள் இரண்டு பாதை இருப்பது உண்மை, ஆனால் ஒவ்வொன்றும் 32 பிட். கூட்டினால் அதே பழைய 64.

பயாஸ் பக்கமே போகாதது

பெட்டியில் 3600 என்று போட்டிருக்கும் வேகம், பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி (ரேமை அந்த வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆன் செய்தால்தான் கிடைக்கும். இல்லையென்றால் 2133-இலோ 2400-இலோ 2666-இலோ நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஓடும் வேகம் தெரியும். சில போர்டுகள் ஆன் செய்தாலும் விடாது. இன்டெலின் எச்410, பி460 போர்டில் ஐ5-10400 ப்ராசஸர் இருந்தால் 2666-தான் உச்சம். அதற்கு 3600 பிரீமியம் கிட் வாங்குவது தண்டச் செலவு.

மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பது

சிஎல் எண்ணை (கேட்டதைத் தர ரேம் எத்தனை சுற்று எடுக்கும் என்ற கணக்கு) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள், தாமதம் நானோ விநாடியில் வரும். 3200 சிஎல்16-க்கு 10. 3600 சிஎல்18-க்கும் அதே 10. டிடிஆர்5 6000-இல் சிஎல்30 என்றால் 10, சிஎல்40 என்றால் 13.3. டிடிஆர்5 போடும் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர் வைத்திருப்பவர் சிஎல்30-க்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், நானும் கொடுப்பேன். அதே வரிசையில் 7800எக்ஸ்3டி என்றால் யோசிக்க வேண்டும். 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருப்பதால் விலை உயர்ந்த ரேம் அங்கே பெரிதாக எடுபடாது, அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக்

வேண்டாம். ரைசன் 7000-இல் நான்கு ஸ்டிக்குக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி உறுதி தருவது 3600 வேகம் வரைதான்.

உயரமான ஹீட்சிங்க்

ஸ்டிக் மேலிருக்கும் அந்த உலோகக் கவசம், ப்ராசஸர் மேல் உட்காரும் ஏர் கூலரில் இடிக்கும். அளந்து வாங்குங்கள்.

ஸ்லாட் மாற்றிப் போடுவது

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால், பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டு மேனுவலில் படமே இருக்கும்.