இண்டிகார் சீசனை நோட்டும் பேனாவும் வைத்துப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் இண்டிகார் கார் பந்தயத்தில் திரையின் ஓரத்தில் ஓடும் வரிசைப் பட்டியலை மட்டும் நம்பினால் பாதி ஆட்டம் புரியாது. முதலில் ஓடுபவர் இன்னும் ஒருமுறை பிட்டுக்குள் (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடம்) போக வேண்டியவராக இருப்பார். ஒன்பதாவதாக ஓடுபவர்தான் உண்மையில் முன்னிலையில் இருப்பார். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் கொஞ்சம் வகுத்தல் கணக்கும் போதும். பழகிக்கொள்ள 2023 சீசன் மிகப் பொருத்தம். 17 பந்தயங்களில் ஓவல் (நீள்வட்டத் தளம்) 5, நகரத் தெருக்கள் 5, நிரந்தரச் சாலைத் தளங்கள் 7. முடிவு தெரிந்த சீசன் என்பதால் நம் கணக்கு சரியா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் புள்ளிகள். வெற்றிக்கு 50, அடுத்த இடங்களுக்கு 40, 35, 32, 30, 28, 26. பிறகு இரண்டிரண்டாகக் குறைந்து பத்தாம் இடத்துக்கு 20. அதன் கீழே ஒவ்வொன்றாகக் குறையும்; 25-ஆம் இடமும் அதற்குப் பின்னால் வருபவர்களும் 5. இதற்கு மேல் போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்தவருக்கு 1, ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடியவருக்கு 1, அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடியவருக்கு 2. ஆக ஒரு சாதாரணப் பந்தயத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய உச்சம் 54. இந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள், சீசன் கடைசியில் தேவைப்படும். இண்டியானாபொலிஸ் ஓவலில் நடக்கும் 500 மைல் பந்தயமான இண்டி 500-க்கு மட்டும் தகுதிச் சுற்றுக் கணக்கு வேறு: முதல் 12 பேருக்கு 12-இலிருந்து 1 வரை. பழைய சீசன்களைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014 முதல் 2022 வரை இண்டி 500-க்கு இரட்டைப் புள்ளி. 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து எரிபொருள். டேங்க் 18.5 கேலன், சுமார் 70 லிட்டர். இண்டியானாபொலிஸ் ஓவல் ஒரு சுற்று 2.5 மைல், முழு வேகத்தில் ஒரு டேங்க் ஏறத்தாழ 30 சுற்று வரும். பந்தயமோ 200 சுற்று. ஐந்து முறை நின்றால் ஆறு ஓட்டங்கள் (ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரை ஓர் ஓட்டம்), ஒவ்வொன்றும் 33 சுற்றுக்கு மேல். அதாவது மஞ்சள் கொடி (விபத்து போன்றவற்றுக்காக எல்லோரும் மெதுவாகப் போக வேண்டிய நேரம்) வராமல், யாரும் சிக்கனம் பிடிக்காமல் ஐந்து நிறுத்தத்தில் முடிக்க முடியாது. எந்தத் தளமாக இருந்தாலும் இந்த வகுத்தலைப் பந்தயத்துக்கு முன்பே செய்துவையுங்கள். மொத்தச் சுற்றுகளிலிருந்து ஒரு டேங்க் தரும் சுற்றுகளைக் கழித்தால் வருவதுதான் கடைசி நிறுத்தத்துக்கான எல்லை. அதற்கு முன்னால் நின்றவர் ஒன்று சிக்கனமாக ஓட்ட வேண்டும், இல்லை மறுபடி வர வேண்டும்.

நோட்டில் ஒரு பந்தயத்துக்கு ஒரு பக்கம். காரின் எண், நின்ற சுற்று, போட்ட டயர், முந்தைய நிறுத்தத்திலிருந்து எத்தனை சுற்று என்று நான்கு பத்தி போதும். 27 காரையும் எழுதப் போனால் பத்தாவது சுற்றிலேயே கை ஓய்ந்துவிடும். சாம்பியன் பட்டத்துக்கு மோதும் நான்கைந்து பேரையும் அன்றைக்கு முன்னால் ஓடுபவர்களையும் மட்டும் எடுங்கள். மஞ்சள் கொடி தொடங்கிய சுற்றையும் முடிந்த சுற்றையும் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுக் குறிக்க வேண்டும். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மஞ்சளில் கார்கள் மெதுவாகப் போவதால் எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும். அந்தச் சுற்றுகளையும் முழுச் செலவாக எண்ணினால், 'இவர் வந்தே தீரணும்' என்று நாம் நினைக்கும் ஆள் வராமலே முடித்துவிடுவார்.

மஞ்சள் கொடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இண்டிகாரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தளம் முழுவதற்கும் மஞ்சள் விழுந்த உடனே பிட் மூடப்படும். கார்கள், முன்னால் மெதுவாகப் போகும் பேஸ் காரின் பின்னால் வரிசை சேர்ந்த பிறகுதான் திறக்கும். மூடியிருக்கும்போது நுழைந்து வேலை செய்தால் மீண்டும் தொடங்கும்போது கடைசி வரிசை. இப்போது யோசியுங்கள்: பிட் ஜன்னல் (திட்டப்படி நிற்கக்கூடிய சுற்றுகள்) திறந்ததும் நின்றுவிட்டவர்கள் தப்பித்தார்கள், இன்னும் இரண்டு சுற்று இழுக்கலாம் என்று வெளியே இருந்தவர், எல்லோரும் நெருங்கி நிற்கும்போது உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து இடம் இழப்பார். தெருப் பந்தயங்களில் அணிகள் ஜன்னல் திறந்த உடனே பாய்ந்து வருவது இந்தப் பயத்தால்தான்.

வெளியே நீடிப்பதிலும் லாபம் உண்டு. இண்டிகாரில் டயரைச் சூடேற்றும் போர்வை கிடையாது. புது டயரில் வெளியே வருபவர் முதல் சுற்றில் வழுக்கித் தடுமாறுவார். பழைய டயர் தேயாமல் இருந்தால் ஒரு சுற்று தாமதமாகப் பிட்டுக்கு வருபவரே முந்திவிடலாம். நிறுத்தத்தின் நீளத்தை முடிவு செய்வது பெரும்பாலும் டயர் இல்லை, எரிபொருள். நான்கு டயரும் மாறிய பிறகும் குழாய் காரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். முன் ஓட்டத்தில் சேமித்தவருக்குக் குறைவாக நிரப்பினால் போதும், சீக்கிரம் வெளியேறுவார்.

2023-இல் சாலை, தெருத் தளங்களில் மழை இல்லாவிட்டால் இரண்டு வகை (கடினம், மென்மை) ஃபயர்ஸ்டோன் டயரையும் தலா இரண்டு சுற்றாவது ஓட்டியாக வேண்டியிருந்தது. மென்மையான வகைக்குச் சாலைத் தளத்தில் சிவப்பு விளிம்பு, 2023 தெருப் பந்தயங்களில் பச்சை விளிம்பு. மென்மையானது வேகம், ஆனால் சீக்கிரம் தேயும். தனக்குப் பிடிக்காத வகையை யார் எவ்வளவு சுருக்கமாக முடிக்கிறார்கள் என்று பார்த்தால் அணியின் திட்டம் பிடிபடும்.

பயிற்சிக்கு முதலில் ஆகஸ்ட் மாத இண்டியானாபொலிஸ் சாலைப் பந்தயத்தை எடுங்கள். ஸ்காட் டிக்ஸன் முதல் சுற்றுக் குழப்பத்தில் சுழன்று பின்னுக்குப் போனார். அந்த மஞ்சளிலேயே பிட்டுக்குப் போய் மற்றவர்களிடமிருந்து முற்றிலும் வேறான ஜன்னலுக்கு மாறினார். கடைசியில் கிரஹாம் ரஹாலை அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். அடுத்து கேட்வே ஓவல் பந்தயம். இன்ஜின் மாற்றியதால் ஓவலுக்கான 9 இடத் தண்டனை பெற்று டிக்ஸன் 16-ஆவதாகத் தொடங்கினார். 1.25 மைல் தளம், 260 சுற்று. மற்ற முன்னணியினர் நான்கு நிறுத்தக் கணக்கில் இருக்க, அவர் மூன்றில் முடித்தார். சராசரியாக ஓர் ஓட்டம் 65 சுற்று, 81 மைல். கேலனுக்குச் சுமார் 4.4 மைல், மஞ்சள் சுற்றுகள் உட்பட. நான்கு நிறுத்தம் என்றால் ஓர் ஓட்டம் 52 சுற்றுதான். இந்த வித்தியாசத்தை வேகம் பெரிதாகக் குறையாமல் எடுப்பது அபாரமான திறமை. பொறுமையாகப் பார்த்தால் சுற்று நேரங்களிலேயே அது தெரியும்.

பட்டம் என்னவோ அலெக்ஸ் பாலோவுக்கு. ஐந்து வெற்றிகள் காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட எட்டாம் இடத்துக்குக் கீழே போகாதது. இண்டி 500-ஐக் கணக்குப் போட்டால் விளங்கும். மணிக்கு 234.217 மைல் சராசரியில் போல், அதற்கு 12 புள்ளி. பந்தயத்தின் நடுவே பிட் பாதையில் ரினஸ் வீகே மோதியதில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு, மீண்டு வந்து நான்காம் இடம்: 32. முன்னிலையில் ஓடியதற்கு 1. மொத்தம் 45. 17-ஆவதாகத் தொடங்கி வென்ற ஜோசஃப் நியூகார்டனுக்கு 50-உம் 1-உம் சேர்த்து 51. அத்தனை பெரிய வெற்றியில் பாலோவிடமிருந்து அவர் பறித்தது ஆறே புள்ளி. கேட்வேயில் சுவரில் மோதி 25-ஆம் இடம் வந்தபோது அந்த இடத்துக்குக் கிடைத்ததோ வெறும் 5.

கடைசி இரண்டு பந்தயத்துக்கு முன் அட்டையில் எழுதிய 54-ஐப் பாருங்கள். கடைசிக்கு முந்தைய பந்தயமான போர்ட்லேண்டுக்கு வரும்போது பாலோ இரண்டாமிடத்தில் இருந்த டிக்ஸனைவிட 74 புள்ளி முன்னிலை. ஒரு பந்தயம் மிச்சம் இருக்கும்போது 54 இருந்தால் போதும். சமன் ஆனாலும் அதிக வெற்றிகள் அவரிடம். டிக்ஸன் அங்கேயே 20-க்கு மேல் குறைத்தாக வேண்டும். பாலோ வென்று, அதிகச் சுற்றும் முன்னிலையில் ஓடி 53 எடுத்தார். மூன்றாவதாக வந்த டிக்ஸனுக்கு, முன்னிலையில் ஓடியதற்கான 1 சேர்த்து 36. வித்தியாசம் 91 ஆனது, பட்டம் அங்கேயே முடிந்தது. கடைசிப் பந்தயமான லகுனா செகாவில் டிக்ஸன் வென்றும் இறுதிக் கணக்கு 656-க்கு 578.

நேரலையில் பார்ப்பவர்களுக்கு: அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் நம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். 2023 இண்டி 500 அங்கே பகல் 12.45, நமக்கு இரவு 10.15. பிற்பகல் மூன்று மணிப் பந்தயம் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. தூக்கம் முக்கியம் என்றால் மறுநாள் இண்டிகார் தளத்தில் வரும் பிட் நிறுத்தச் சுருக்கத்தையும் சுற்று அட்டவணையையும் இறக்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

2024 ஜூலை மிட்-ஓஹையோவிலிருந்து கார்களில் ஹைப்ரிட் அமைப்பும் சேர்ந்துவிட்டது. ஒரு டேங்குக்கு எத்தனை சுற்று என்ற எண்ணை 2023 நோட்டிலிருந்து அப்படியே எடுத்துப் புதிய சீசனுக்குப் போடாதீர்கள். அந்தந்தப் பந்தயத்தின் முதல் ஓட்டத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள்.