ரிக்ரஷனில் எந்த கன்ட்ரோல் மாறியைச் சேர்ப்பது, எதை விடுவது?

ரிக்ரஷன் என்பது பல மாறிகளை வைத்து ஒரு முடிவை விளக்கும் கணக்கு; நாம் ஆராயும் மாறியோடு கூடச் சேர்ப்பவை கன்ட்ரோல் மாறிகள். டேட்டாவில் நாற்பது நெடுவரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் ரிக்ரஷனுக்குள் தள்ளிவிட்டு ஆர்-ஸ்கொயர் (முடிவின் ஏற்ற இறக்கத்தில் எத்தனை பங்கை மாடல் விளக்குகிறது என்ற அளவு) எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கணிப்பு மட்டும் வேண்டுமென்றால் அதில் பெரிய ஆபத்தில்லை. காரணத்தைத் தேடும்போது அதே பழக்கம் காலை வாரிவிடும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்த நோயாளி குணமாவாரா?" என்பது கணிப்பு. "சிகிச்சையை மாற்றினால் அவர் குணமாகும் வாய்ப்பு கூடுமா?" என்பது காரணக் கேள்வி. முன்னதற்கு விடை சரியாக வந்தால் போதும், எப்படி வந்தது என்பது முக்கியமில்லை. பின்னதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு எண், சிகிச்சையின் குணகம்: சிகிச்சை மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பது.

படி 2: கணிப்பு என்றால்

இரண்டு சோதனைதான். கணிக்கும் நேரத்தில் அந்த மாறி கையில் இருக்குமா? நாளை வரும் பரிசோதனை முடிவை வைத்து இன்று கணிக்க முடியாது. அப்புறம், மாடல் பார்க்காத டேட்டாவில் பிழை குறைகிறதா? கிராஸ் வேலிடேஷன் (டேட்டாவின் ஒரு பகுதியில் மாடலைப் பழக்கி, மீதியில் சோதிப்பது) செய்து பாருங்கள், குறைந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவாத மாறிகளைத் தானே கழித்துவிடும் லாஸோ என்ற முறையிடம் தேர்வை விட்டாலும் சரி.

படி 3: காரணம் என்றால், முதலில் ஒரு படம்

தாளும் பேனாவும் போதும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு புள்ளி. எது எதைப் பாதிக்கிறதோ அந்தத் திசையில் அம்பு. இந்த அம்புகளை டேட்டா சொல்லாது, துறை அறிவுதான் சொல்லும். வரைந்த பிறகு ஒவ்வொரு மாறியும் சிகிச்சைக்கு முன் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: இரண்டு பக்கமும் அம்பு விடும் மாறியைச் சேருங்கள்

1986இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். திறந்த அறுவை சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்குப் பலன், அதாவது 78%. தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்த முறையில் 350இல் 289, அதாவது 83%. துளை முறைதான் மேல் என்று தோன்றும்.

கல்லின் அளவைப் பிரித்துப் பாருங்கள். சிறிய கல்லில் திறந்த அறுவைக்கு 93%, துளை முறைக்கு 87%. பெரிய கல்லில் 73%, 69%. இரண்டிலும் திறந்த அறுவையே முந்துகிறது! பெரிய கல் உள்ள 343 பேரில் 263 பேருக்குத் திறந்த அறுவைதான் நடந்திருக்கிறது. பெரிய கல் குணமாவதோ எப்படியும் கடினம். ஆக, கல்லின் அளவு சிகிச்சைத் தேர்வையும் பாதிக்கிறது, முடிவையும் பாதிக்கிறது. இதுதான் கன்ஃபவுண்டர். விட்டால் விடை தலைகீழாகிவிடும்.

படி 5: சிகிச்சைக்குப் பின் வருவதைத் தொடாதீர்கள்

தாயின் புகைப்பழக்கம் குழந்தை இறப்பைக் கூட்டுகிறதா என்று கேட்கிறோம். பிறப்பு எடையைச் சேர்க்கலாமா? கணிப்புக்கு அது அருமையான மாறி. ஆனால் புகைப்பழக்கமே எடையைக் குறைக்கிறது. அதைச் சேர்த்தால் பாதிப்பு போகும் வழியையே அடைத்ததாகிவிடும். அதோடு நிற்காது. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் பார்த்தபோது, புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் அதிகம் பிழைத்ததாக 1971இலேயே ஒரு கட்டுரை காட்டியது. பிறவிக் குறை போன்ற வேறு காரணங்களாலும் எடை குறையும். அவை இன்னும் ஆபத்தானவை. புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால் அப்படிப்பட்ட காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். புகைப்பழக்கம் குழந்தையைக் காப்பதுபோலத் தெரிவது அதனால்தான்.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

சராசரி 0, திட்டவிலக்கம் 1 வைத்துப் பத்தாயிரம் தற்செயல் எண்களை உருவாக்குங்கள். அது 'அ'. அதோடு சம்பந்தமே இல்லாமல் அதே மாதிரி இன்னொன்று, 'ஆ'. இரண்டையும் கூட்டி, அதே அளவு இரைச்சலும் (இன்னொரு தற்செயல் எண்) சேர்த்தால் 'இ'. இப்போது 'அ'வை மட்டும் வைத்து 'ஆ'வுக்கு ரிக்ரஷன் போட்டால் குணகம் 0 பக்கம் வரும். உண்மையும் அதுதான். 'இ'யையும் சேருங்கள்: 'அ'வின் குணகம் −0.5 பக்கம் இறங்கும், ஆர்-ஸ்கொயர் 0இலிருந்து சுமார் 0.5க்கு ஏறும். இல்லாத தொடர்பு எங்கிருந்து முளைத்தது? கூட்டுத்தொகை தெரிந்துவிட்டால், ஒன்று பெரிதாக இருக்கும்போது மற்றது சிறிதாகத்தான் இருக்க முடியும். 'இ' போல, முன்பு பார்த்த பிறப்பு எடை போல, இரண்டு அம்புகள் வந்து மோதும் மாறிக்குக் கொலைடர் என்று பெயர்.

படி 7: ரிக்ரஷன் முடிவு அட்டவணையில் ஒரு குணகத்தை மட்டும் படியுங்கள்

கல் ஆய்வில் அளவைச் சேர்த்தது சிகிச்சையின் பாதிப்பைச் சுத்தமாக அளக்க. அளவுக்கு வரும் குணகத்தை, 'கல் பெரிதானால் மொத்தத்தில் இவ்வளவு பாதிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். அளவு சிகிச்சை வழியாகவும் முடிவைப் பாதிக்கிறது. அந்தப் பங்கை நாமே பிரித்து எடுத்துவிட்டோம். அந்தக் கேள்வியும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு படம், தனியாக ஒரு ரிக்ரஷன்.