பழ ஈக் கலப்பில் எங்கே சறுக்குகிறோம்?

பழ ஈக்களைக் கலந்து, எஃப்2 ஈக்களை (பேரப்பிள்ளைத் தலைமுறையை) எண்ணி முடித்ததும் கை நேராக விகிதத்துக்குத்தான் போகும். இயல்பானவையும் மாறுபட்டவையும் ஏறக்குறைய 3:1 வருகிறதா, சரி, உடல் குரோமோசோமில் (பால் குரோமோசோம் அல்லாததில்) இருக்கும் ஒடுங்கு பண்பு (எதிர்ப் பண்பின் ஜீன் கூட இருந்தால் மறைந்துவிடுவது) என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒடுங்கு பண்பு ஆண் பெற்றோரிடமிருந்து வந்திருந்தால், ஆண், பெண் இரண்டையும் சேர்த்து எண்ணும்போது எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று) இருக்கும் ஜீனும் இதே 3:1-ஐத்தான் காட்டும்.

1910-இல் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் ஆணைச் சிவப்புக் கண் பெண்ணோடு கலந்த கதை தெரிந்ததுதான். எஃப்2-இல் அவருக்குக் கிடைத்தவை: சிவப்புக் கண் பெண் 2,459, சிவப்புக் கண் ஆண் 1,011, வெள்ளைக் கண் ஆண் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை. கூட்டிப் பார்த்தால் 3,470-க்கு 782, அதாவது சுமார் 4.4:1. வெள்ளைக் கண் ஈக்கள் குறைவாகப் பிழைப்பதால் 3:1-கூட ஒழுங்காக வரவில்லை. ஆனால் பால் வாரியாகப் பிரித்த பட்டியலில் விடை பளிச்சென்று தெரிகிறது: வெள்ளைக் கண் எல்லாம் ஆண்களே, ஆகவே ஜீன் எக்ஸில் இருக்கிறது.

ஆகவே பெற்றோரை இடம் மாற்றியும் ஒரு கலப்பு செய்யுங்கள். வெள்ளைக் கண் பெண்ணைச் சிவப்புக் கண் ஆணோடு விட்டால் எஃப்1-லேயே (முதல் பிள்ளைத் தலைமுறையிலேயே) மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. எஃப்2 வரை காத்திருக்கவே வேண்டாம்.

பாலைப் பிரிப்பதிலும் கோட்டை விடுவது உண்டு. வயிற்று நுனி கறுப்பாக இருந்தால் ஆண் என்பது முதிர்ந்த ஈக்குச் சரி. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆண் வெளிறிப்போய் இருக்கும். முன்னங்காலில் இருக்கும் கறுப்புச் சீப்பை (ஆணுக்கு மட்டுமே உள்ள முள்வரிசையை) பாருங்கள். உடல் நிறப் பண்புகளுக்கும் இதே எச்சரிக்கை: நிறம் ஏறும்வரை பொறுங்கள்.

பெண் ஈ விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். எனவே தாயாக வைப்பது கன்னி ஈயாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது வழக்கம். எஃப்1-இல் அண்ணன் தங்கையையே கலக்கும்போது இந்தச் சிரமம் தேவையில்லை. பெற்றோரை மட்டும் எஃப்1 வெளிவருமுன் குப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம், முதல் நாள் வந்தவற்றை மட்டும் எண்ணி நிறுத்தாதீர்கள். பெண்கள் சற்று முந்தி வரும், சில பிறழ்வு ஈக்கள் (ஜீன் மாறுபட்டவை) பிந்தி வரும்.

கை-வர்க்கச் சோதனையில் (எண்ணிக்கை எதிர்பார்த்த விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதில்) சதவீதத்தைப் போடுவது எனக்கு எரிச்சலூட்டும் தவறு. 400 ஈக்களில் 280:120 என்றால் 3:1-க்கு எதிரான மதிப்பு 5.33. 5% அளவில் எல்லை 3.84 என்பதால், 3:1 என்ற கருதுகோள் விழுகிறது. அதையே 70:30 என்று சுருக்கினால் 1.33, தப்பித்துவிடுகிறது. எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே போடுங்கள்.

இரண்டு ஒடுங்கு பண்புகள் எதிரெதிர் பெற்றோரிடமிருந்து வந்து, எஃப்2-இல் தனித்தனிக் குரோமோசோம்களில் உள்ள ஜீன்களுக்குரிய 9:3:3:1-க்குப் பதில் 2:1:1 வந்து, இரண்டும் சேர்ந்த ஈ ஒன்றுமே இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம். இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன. ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பதில்லை. அவற்றின் இடைத்தூரம் வேண்டுமென்றால் எஃப்1 கன்னிப் பெண்ணை, இரண்டு ஒடுங்கு பண்புகளும் கொண்ட ஆணோடு கலந்து பாருங்கள்.